செடியைக் காக்கச் சாகும் கலங்கள்



கொழுந்தெடுக்கும் மலையிலும் சரி, லயத்துக்குப் பின்னால் நாம் போட்டிருக்கும் காய்கறித் துண்டிலும் சரி, இலையில் ஒரு கறுத்த பொட்டைக் கண்டவுடன் நம் வாயில் வருவது "நோய் புடிச்சிருச்சி" என்ற சொல்தான். அனேகமாக அது சரியாகவும் இருக்கும். ஆனால் எல்லாப் பொட்டும் நோயின் வேலையல்ல. சில பொட்டுக்களைப் போடுவது செடியேதான். உள்ளே நுழைந்த கிருமியைச் சுற்றியிருக்கும் தன் உடம்பின் சிறு பகுதியைச் செடி தானாகவே சாகடிக்கிறது. கிருமி அந்தச் செத்த இடத்துக்குள் அகப்பட்டு, தின்ன ஒன்றும் கிடைக்காமல் நின்றுபோகிறது.

"இலை செத்தா செடி எப்படிங்க பொழைக்கும்?" என்று கேட்பீர்கள். இந்தப் பாடம் அந்தக் கேள்விக்கான பதில்தான். நம் முன்னோரின் பிழைப்பை ஒரு தடவை கவிழ்த்துப் போட்ட கோப்பித் துரு நோய்க்கும், இன்று நாம் நம்பியிருக்கும் தேயிலைக்கும் இதோடு என்ன சம்பந்தம் என்பதையும் பார்ப்போம். நிதானமாக வாசியுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகளை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

1. கலமும் பரம்பரை அலகும்

ஓர் இலை ஒரே துண்டாகத் தெரிந்தாலும், அது கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான சிறு அறைகளால் ஆனது. லயத்தில் காம்பராக்கள் சுவரோடு சுவர் ஒட்டி இருப்பது போலவே இந்த அறைகளும் ஒட்டி இருக்கின்றன. இந்த அறைக்குத்தான் கலம் என்று பெயர். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இந்தச் சொல் வரும்.

ஒவ்வொரு கலத்துக்குள்ளும் கரு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கருவுக்குள் பரம்பரை அலகுகள் இருக்கின்றன. தாய்ச் செடியிலிருந்து பிள்ளைச் செடிக்கு இறங்கி வருவது இவைதான். ஒவ்வொரு பரம்பரை அலகும் ஒரு கட்டளை என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்தப் புரதத்தைச் செய்" என்று அது சொல்லும். இலையின் நிறம், பூவின் மணம், வேரின் நீளம் எல்லாம் இந்தக் கட்டளைகளின்படி நடப்பவை. இவற்றுக்கு நடுவே "நேரம் வந்தால் நீ சாக வேண்டும்" என்று சொல்லும் கட்டளைகளும் இருக்கின்றன. இன்றைய பாடம் அவற்றைப் பற்றியது.

2. அடிபட்டுச் சாவதும் கட்டளைப்படி சாவதும்

கொதிதண்ணீரை ஓர் இலையில் ஊற்றினால் கலங்கள் செத்துப்போகும். அது அடிபட்ட சாவு. அதில் செடிக்கு எந்தப் பங்கும் இல்லை. கட்டளைப்படி வரும் சாவு வேறு. அதற்குச் செடி புதிதாகச் சில புரதங்களைச் செய்ய வேண்டும், அதற்குச் சக்தி செலவழிக்க வேண்டும். விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புதிய புரதம் செய்யவிடாமல் ஒரு மருந்தினால் இலையைத் தடுத்துவிட்டால், கட்டளைப்படி வரவேண்டிய சாவு வருவதில்லை. ஆகவே அந்தச் சாவு செடியே முயன்று செய்யும் ஒரு வேலை என்பது தெளிவாகிறது.

இந்த வேலை நோய்க்காக மட்டும் நடப்பதில்லை. வேரிலிருந்து கொழுந்து வரைக்கும் தண்ணீரை ஏற்றும் காழ்க் குழாய்களைப் பாருங்கள். அவை செத்த கலங்கள். உயிரோடு இருந்த கலங்கள் தம் சுவரைத் தடிப்பாக்கிவிட்டு, உள்ளே இருந்ததெல்லாம் கரைந்து செத்த பிறகுதான் வெறும் குழாயாகித் தண்ணீர் போக வழிவிடுகின்றன. அந்தக் கலங்கள் சாக மறுத்தால் கொழுந்துக்குத் தண்ணீர் ஏறாது.

சோளச் செடியின் வேர் நீரில் மூழ்கினால் அதற்குக் காற்று கிடைக்காது. அப்போது எதிலீன் என்னும் வாயு வேருக்குள்ளேயே சேர்கிறது. வாழைக்குலையைப் பழுக்கவைப்பதும் இதே வாயுதான். எதிலீன் சேர்ந்ததும் வேரின் மேற்பட்டைப் பகுதியில் சில கலங்கள் செத்து, அந்த இடம் காற்றுப் போகும் நீளமான வழியாக மாறுகிறது. மற்றக் கலங்கள் அந்த வழியால் மூச்சுவிட்டுப் பிழைக்கின்றன.

கடும் வரட்சியில் அடியிலை மஞ்சளாகி உதிர்வதும் அப்படித்தான். உதிர்வதற்கு முன்பு அந்த இலையில் உள்ள நைதரசன் போன்ற சத்துக்களைச் செடி திரும்ப இழுத்து, இளம் பகுதிக்கு அனுப்பிவிடுகிறது. போகிற இலை கிட்டத்தட்ட வெறும் பையோடுதான் போகிறது.

வெள்ளம், வரட்சி, நோய் என்று எந்த நெருக்கடி வந்தாலும் கேள்வி ஒன்றுதான். எந்தக் கலம் சாவது? எப்போது சாவது? எந்த அளவோடு நிறுத்துவது? இதில் பிழை நேர்ந்தால் முழுச் செடியும் போய்விடும்.

3. கோப்பித் துருவும் ஒரு விஞ்ஞானியும்

நோயின் கதைக்கு வருவோம். இது நம் மலைகளோடு சேர்ந்த கதை.

தேயிலைக்கு முன்பு இந்த மலைகளில் நின்றது கோப்பி என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் தூள் போன்ற பொட்டுக்கள் தெரிந்தன. அதே ஆண்டு இங்கிலாந்தில் அந்தப் பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆரம்பத்தில் பல துரைமார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இருபது வருடங்களுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை பெரும்பாலும் அழிந்தது. தோட்டங்கள் கைமாறின. சம்பளப் பாக்கி நின்றது. வேலை தேடி வந்த எத்தனையோ குடும்பங்கள் வந்த வழியே திரும்ப நேர்ந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் ஆரம்பித்த தேயிலை, பிறகு அந்த வெறுமையான மலைகளை நிரப்பியது. நாம் இன்று கோப்பிப் பழம் பிடுங்காமல் கொழுந்து எடுப்பதற்கு ஓர் இலைப்பொட்டு காரணம்.

இந்த நோயை ஆராய்வதற்காக 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. இரண்டு வருடம் இங்கே இருந்தார். பங்கசின் நுண்ணிய வித்துக்கள் காற்றில் பரவுகின்றன, ஈர இலையில் முளைக்கின்றன, இலையின் அடிப்புறத்திலுள்ள இலைவாய்களின் வழியாக உள்ளே நுழைகின்றன என்பதை அவர் காட்டினார். மலை மலையாக இடைவெளியே இல்லாமல் கோப்பி ஒன்றையே நட்டிருந்தது நோய்க்குப் பெரிய வசதியாக இருந்தது என்பதையும் எடுத்துச் சொன்னார். ஆனால் கோப்பியைக் காப்பாற்ற அவரிடம் மருந்து இருக்கவில்லை.

அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகும் துரு நோய்களை விடவில்லை. கேம்பிரிட்ஜில் புல் வகைகளைத் தாக்கும் வேறொரு துருவை ஆராய்ந்தார். 1902இல் அவர் எழுதியதில் ஓர் ஆச்சரியமான விசயம் இருந்தது. நோயை எதிர்த்து நின்ற புல்லிலும் பங்கசு உள்ளே நுழையத்தான் செய்தது. ஆனால் அது தொட்ட இடத்தில் புல்லின் கலங்கள் மிக விரைவாகச் செத்துவிட்டன. பங்கசும் அங்கேயே நின்றுவிட்டது. நோய்க்கு இடங்கொடுத்த புல்லிலோ கலங்கள் பல நாள் உயிரோடு இருந்தன. பங்கசு கொழுத்து வளர்ந்து வித்துப் போட்டது.

1915இல் அமெரிக்காவில் கோதுமைத் துருவை ஆராய்ந்த ஸ்டேக்மன் என்பவர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதை மிகையுணர்வுத் துலங்கல் என்று சொல்லலாம். கிருமி தொட்டவுடன் அளவுக்கு மீறிச் சுணைப்பட்டுக் கலம் உயிரை விடுகிறது என்பது அதன் கருத்து.

இதனால் பங்கசுக்கு என்ன நட்டம்? துருப் பங்கசு உயிருள்ள கலத்தில் மட்டுமே பிழைக்கும். பருகி என்னும் சிறு உறுப்பைக் கலத்துக்குள் செருகி, பால் குடிப்பது போலச் சத்தை உறிஞ்சும். கலம் செத்தால் அதற்குச் சாப்பாடு இல்லை. லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால், பக்கத்துக் காம்பராவின் கூரையைப் பிரித்துப் போட்டுத் தீயை நிறுத்துகிறோம் அல்லவா? அதே ஞாயம்தான் இங்கேயும்.

4. பொட்டு விழுந்த புகையிலைதான் சுகமான புகையிலை

இந்தச் சாவைப் பரம்பரை அலகு ஆளுகிறது என்பதைப் புகையிலை நன்றாகக் காட்டுகிறது. புகையிலைக்கு வைரசினால் ஒரு தேமல் நோய் வரும். சாதாரண புகையிலையில் அந்த வைரசு நுழைந்தால் இலையில் உடனே ஒரு பொட்டும் தெரியாது. வைரசு அமைதியாகச் செடி முழுதும் பரவி, பிறகு புதிய இலைகளெல்லாம் தேமலாகிச் சுருங்கும். ஆனால் ஒரு காட்டுப் புகையிலையில் வேறு மாதிரி நடந்தது. வைரசு பட்ட இடத்தில் இரண்டு மூன்று நாட்களில் சிறு பழுப்புப் பொட்டுக்கள் விழுந்தன. அத்தோடு சரி. வைரசு அதைத் தாண்டவில்லை.

1930களில் ஹோம்ஸ் என்ற விஞ்ஞானி இந்தக் குணம் ஒரே ஒரு பரம்பரை அலகினால் வருவது என்று கண்டு, அதைச் சாதாரண புகையிலையோடு கலந்து இனவிருத்தி செய்யும் வேலையில் இறங்கினார். 1994இல் விஞ்ஞானிகள் அந்தப் பரம்பரை அலகையே தனியாகப் பிரித்தெடுத்தார்கள். பொட்டு விழுந்த செடி பிழைக்கிறது, பொட்டு விழாத செடி நோயில் விழுகிறது. வெளியே பார்த்து மட்டும் முடிவு சொன்னால் நாம் தலைகீழாகச் சொல்லிவிடுவோம்.

இதில் இன்னொரு விசயமும் உண்டு. சூடு ஏறக்குறைய 28 பாகை செல்சியசுக்கு மேலே போனால் இந்தப் பரம்பரை அலகின் வேலை நின்றுபோகிறது. பொட்டு விழுவதில்லை, வைரசு பரவிவிடுகிறது. பிறகு சூடு குறைந்தால் செடி ஒரேயடியாக விழித்துக்கொண்டு, வைரசு உள்ள இடங்களையெல்லாம் சாகடிக்கப் பார்க்கும். அப்போது முழு இலைகளே கருகி விழும். பிந்தி வந்த கட்டளை மருந்தாகாமல் நஞ்சாகிவிடுகிறது. உலகம் சூடாகிவரும் இந்தக் காலத்தில் இதை நாம் மறந்துவிடக் கூடாது.

5. கலத்துக்குள் இருக்கும் வாட்சர்

கிருமி வந்ததைக் கலம் எப்படி அறிகிறது? 1905இல் கேம்பிரிட்ஜில் பிபன் என்பவர், கோதுமையின் மஞ்சள் துரு எதிர்ப்பு தாய் தகப்பனிடமிருந்து கணக்காக இறங்கி வருவதைக் காட்டினார். 1940களில் அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஹரல்ட் புளோர் என்பவர் ஆளிச் செடியையும் அதன் துருவையும் சேர்த்து ஆராய்ந்தார். செடியின் ஓர் எதிர்ப்பு அலகு, கிருமியின் குறிப்பிட்ட ஓர் அலகை மட்டுமே அடையாளம் காண்கிறது என்று அவர் கண்டார்.

தோட்டத்து வாட்சரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு திருடனின் முகம் தெரியும். அவன் வந்தால் சத்தம் போடுவார். அவனே முகத்தை மாற்றிக்கொண்டு வந்தால் பேசாமல் இருந்துவிடுவார். எதிர்ப்பு அலகு செய்து வைக்கும் புரதமும் அப்படித்தான். இன்னொரு வகை வாட்சரும் உண்டு. அவர் திருடன் முகத்தைப் பார்ப்பதில்லை, ஸ்டோர் கதவின் பூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பூட்டில் யார் கை வைத்தாலும் சத்தம் போடுவார். செடியிலும் சில புரதங்கள் கிருமியை நேராகப் பார்க்காமல், கிருமி கெடுக்க நினைக்கும் இன்னொரு புரதத்தைக் காவல் காக்கின்றன.

சத்தம் போட்ட பிறகு நடப்பது என்ன? 2019இல் சீன விஞ்ஞானிகள் இப்படி ஒரு காவல் புரதத்தின் உருவத்தைக் கண்டறிந்தார்கள். கிருமி வந்ததும் ஐந்து புரதங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சில்லுப் போல ஆகின்றன. அந்தச் சில்லு கலத்தின் மெல்லிய மேலுறையில் போய்ப் பொருந்தி ஒரு துவாரத்தை உண்டாக்குகிறது. அதன் வழியாகக் கல்சியம் உள்ளே பாய்கிறது. அதுதான் சாவுக்கான மணி.

அதன்பிறகு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. புண் கழுவப் பாவிக்கும் ஐதரசன் பேரொட்சைட்டைக் கலம் தானே உண்டாக்குகிறது. அது கிருமியையும் தாக்கும், சுற்றுச் சுவரையும் கெட்டியாக்கும். கலத்தின் நடுவே புன்வெற்றிடம் என்ற ஒரு பை இருக்கிறது. எதையும் கரைத்துப்போடும் நொதியங்கள் அதற்குள் அடைபட்டிருக்கும். அந்தப் பை உடைந்தால் கலம் உள்ளேயே கரைந்துபோகும். நம் உடம்பில் செத்த கலத்தை வேறு கலங்கள் வந்து விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. செடியில் கலத்தைச் சுற்றிக் கடின சுவர் இருப்பதால் யாரும் வந்து தூக்கிப்போட முடியாது. அதனால் செடியின் கலம் தன் சவத்தைத் தானே கரைத்துவிட்டுப் போகிறது. இவ்வளவும் சில மணித்தியாலங்களில், மிஞ்சினால் ஒரு நாளில் முடியும்.

செத்த கலம் சும்மா போவதுமில்லை. அந்த இடத்திலிருந்து மற்ற இலைகளுக்குச் சேதி போகிறது. சலிசிலிக் அமிலம் என்னும் பொருள் இதில் முக்கிய வேலை செய்கிறது. காய்ச்சலுக்கும் நோவுக்கும் கொடுக்கும் அஸ்பிரின் மாத்திரைக்கு இது நெருங்கிய சொந்தம். ரொஸ் என்ற விஞ்ஞானி 1961இல் புகையிலையில் இதைக் காட்டினார். அடியிலையில் வைரசுப் பொட்டு விழுந்த செடியின் மேலிலைகளில் பிறகு வைரசைத் தடவினால், முன்னைவிடச் சின்னப் பொட்டுக்களே விழுந்தன. மேலிலைகள் முன்கூட்டியே தயாராகிவிட்டிருந்தன.

6. பிரேக் இல்லாவிட்டால்

சாவுக் கட்டளை இருந்தால் மட்டும் போதாது, நிறுத்தும் கட்டளையும் வேண்டும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்ற சிறு செடியில் இது தெளிவானது. 1994இல் விஞ்ஞானிகள் அந்தச் செடியில் ஒரு குறையுள்ள வகையைக் கண்டார்கள். அதன் இலையில் ஒரு மூலையில் சாவு ஆரம்பித்தால் அது நிற்காமல் முழு இலைக்கும் ஓடியது. 1997இல் காரணமான பரம்பரை அலகு கண்டுபிடிக்கப்பட்டது. நல்ல செடியில் அந்த அலகு பிரேக் போல வேலை செய்து சாவை ஒரு வட்டத்துக்குள் நிறுத்துகிறது. கிருமியே இல்லாமல் தானாகப் பொட்டு விழும் சோளம், நெல், பார்லி வகைகளும் உண்டு. அவற்றில் கட்டளை பிழையாக ஓடுகிறது.

7. எதிரி படிக்கும் பாடம்

இதுவரை சொன்னதைக் கேட்டு, "எதிர்ப்பு உள்ள ஒரு நல்ல இனத்தை நட்டுட்டாப் போச்சு" என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

அமெரிக்காவில் 1940களில் விக்டோரியா என்ற ஓட்ஸ் இனத்திலிருந்து எடுத்த எதிர்ப்பு அலகை வைத்துப் புதிய ஓட்ஸ் வகைகளை உண்டாக்கினார்கள். அவை ஒரு துரு நோயை நன்றாக எதிர்த்தன. ஏராளமான நிலத்தில் நட்டார்கள். சில வருடங்களில், அதுவரை யாரும் கவனித்திராத வேறொரு பங்கசு அந்த ஓட்சை மட்டும் தேடித்தேடி அழித்தது. 1946இல் அதை விவரித்து எழுதினார்கள். அந்தப் பங்கசு ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு, துருவை எதிர்க்கும் அதே குணத்தைப் பிடித்து "சாவு" என்ற கட்டளையைத் தட்டிவிடுகிறது. செடி தன்னைக் காப்பதாக எண்ணித் தன் கலங்களைக் கொல்கிறது. ஆனால் இந்தப் பங்கசுக்குப் பிடித்த சாப்பாடு செத்த கலம்தான்! நமது பலத்தையே எதிரி ஆயுதமாக்கிக்கொள்வது என்பது இதுதான்.

ஆகவே பங்கசுகளில் இரண்டு சாதி உண்டு என்பதை ஞாபகத்தில் வையுங்கள். துருவும் தேயிலைக் கொப்புள நோய்ப் பங்கசும் உயிருள்ள கலத்தில் பிழைப்பவை. பழத்திலும் அவரையிலும் சாம்பல் நிறத்தில் பூக்கும் அழுகல் பங்கசு போன்றவை கலத்தைக் கொன்று தின்பவை. முதல் வகைக்குக் கலச்சாவு தடை. இரண்டாவது வகைக்கு அதுவே விருந்து.

முதல் வகையும் சும்மா இருப்பதில்லை. திமோர் தீவில் 1920களில் அரபிக்காக் கோப்பியும் ரொபஸ்டாக் கோப்பியும் தானாகக் கலந்து உண்டான ஒரு மரம் கண்டுபிடிக்கப்பட்டது. அது துருவை எதிர்த்து நின்றது. அதன் சந்ததியிலிருந்து உலகம் முழுவதும் பல இனங்களை உண்டாக்கினார்கள். அவற்றில் ஒன்று ஹொண்டுராஸ் நாட்டில் பரவலாக நடப்பட்ட லெம்பிரா. 2017இல் லெம்பிராவையும் துரு பிடித்துவிட்டது என்ற செய்தி வந்தது. துரு முகத்தை மாற்றிக்கொண்டது, வாட்சருக்கு ஆள் தெரியவில்லை. மெக்சிக்கோவின் காட்டு உருளைக்கிழங்கிலிருந்து எடுத்த எதிர்ப்பு அலகுகளுக்கும் இதுவே நடந்தது. பிந்திய வெளிறல் நோய்க் கிருமி அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தது.

8. நம் மலைக்கு இதில் என்ன?

தேயிலைக் கொப்புள நோய் 1868இல் அசாமில் காணப்பட்டது. 1946இல் இலங்கைக்கு வந்தது. மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் நாட்களில் இளங்கொழுந்தையே தாக்கும். கவ்வாத்து வெட்டித் துளிர்த்து வரும் மலைக்கு ஆபத்து அதிகம். முதலில் கண்ணாடி போல ஒரு பொட்டு தெரியும். பிறகு இலையின் மேல்புறம் குழிந்து, அடிப்புறம் வெள்ளையாகப் புடைக்கும். அந்த வெள்ளைதான் வித்து. கடைசியில் அது கருகும். இப்படிக் கருகுவதைச் செடியின் எதிர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வித்தெல்லாம் காற்றில் போன பிறகு வரும் சாவு அது. சாவு என்பது ஒன்றானாலும், முதல் நாளில் வந்தால் காவல், மூன்றாம் வாரத்தில் வந்தால் வெறும் இழப்பு.

பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றுக்கு நோய் வந்தாலும் பக்கத்துச் செடி தாங்கி நிற்கலாம். வீ.பீ. தேயிலை அப்படியல்ல. ஒரு தாய்ச் செடியிலிருந்து வெட்டிய குச்சிகளை நட்டு வளர்த்தது என்பதால் அந்த மலை முழுதும் ஒரே பரம்பரை அலகுகள்தான். விளைச்சல் கூடுதல், கொழுந்து ஒரே சீராக வரும் என்பது உண்மை. ஆனால் எல்லா வாசலிலும் ஒரே வாட்சர் நிற்கிறார். அவரை ஏமாற்றக் கற்ற கிருமிக்கு மலை முழுதும் திறந்த வீடுதான். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் பல இனங்களை உண்டாக்கிக் கொடுத்திருப்பதன் பயன், ஒரு தோட்டத்தில் பல இனங்களும் இருந்தால்தான் முழுமையாகக் கிடைக்கும். கோப்பிக் காலத்தில் மார்ஷல் வார்ட் சொன்னது இன்றும் பழசாகவில்லை.

எந்த மலையில் எந்த இனம் என்று முடிவெடுப்பது தொழிலாளர் கையில் இல்லை. ஆனால் கொழுந்தை நாளாந்தம் முதலில் பார்ப்பது நம் கண்கள்தான். நம் காய்கறித் துண்டோ முழுவதும் நம் கையில்தான் இருக்கிறது. அங்கே இப்படிச் செய்து பாருங்கள்:

• பொட்டு விழுந்த ஓர் இலையின் காம்பில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு வாரம் தினமும் பாருங்கள். சின்னதாகக் காய்ந்து, விளிம்பு தெளிவாக, வளராமல் நின்றால் செடி தடுத்து நிறுத்தியிருக்கலாம். நாளுக்கு நாள் பெருத்தால், ஈரமாகக் கசிந்தால் கிருமி ஓடிக்கொண்டிருக்கிறது.

• உருளைக்கிழங்கு, தக்காளி இலையின் அடிப்புறத்தை விடியற்காலையில் ஈரத்தோடு திருப்பிப் பாருங்கள். பொட்டின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அது பிந்திய வெளிறல் நோய். அதற்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். அந்தப் பாகத்தை உடனே அகற்றி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். விவசாயப் போதனாசிரியரிடமும் சொல்லுங்கள்.

• நோய் பட்ட செடியின் கிழங்கை விதைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

• இடமிருந்தால் ஒரே இனத்தை மட்டும் போடாமல் இரண்டு மூன்று இனங்களாகப் போடுங்கள். ஒன்று தோற்றால் மற்றது நிற்கும்.

• மருந்து கூடிப்போனாலும், உரம் இலையில் பட்டாலும் பொட்டு விழும். ஆகவே பொட்டைக் கண்டவுடன் மருந்துத் தாங்கியைத் தூக்காமல், காரணத்தைத் தேடுங்கள்.

• மலையில் கொழுந்தில் கண்ணாடிப் பொட்டையோ வெள்ளைக் கொப்புளத்தையோ கண்டால் கங்காணியிடம் அன்றைக்கே சொல்லுங்கள். "யாராவது சொல்வாங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

நினைவில் வைக்க

செடிக்கு ஓடவும் முடியாது, நம்மைப் போல இரத்தத்தில் காவல் கலங்களும் இல்லை. ஒவ்வொரு கலமும் தன் இடத்திலேயே நின்று காவல் காக்கிறது. தேவை வந்தால் பரம்பரை அலகின் கட்டளைப்படி சாகிறது. அந்தச் சாவு வேகமாக வர வேண்டும், சிறிதாக இருக்க வேண்டும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். கிருமி தன் வேஷத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் ஓர் இனத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. நம் முன்னோர் கோப்பியில் பட்டதை நாம் தேயிலையில் படாமல் இருக்க, இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.

கூடிப் பேச சில கேள்விகள்

1. கொதிதண்ணீரால் சாகும் கலத்துக்கும் கட்டளைப்படி சாகும் கலத்துக்கும் என்ன வித்தியாசம்?

2. பொட்டு விழுந்த புகையிலை பிழைத்ததும், பொட்டு விழாதது நோயில் விழுந்ததும் ஏன்?

3. விக்டோரியா ஓட்சுக்கு நேர்ந்தது என்ன? துருவை எதிர்த்த குணம் எப்படி எதிரிக்கு உதவியது?

4. உங்கள் தோட்டத்தில் விதைத் தேயிலை மலை எது, வீ.பீ. மலை எது? மழைக்காலத்தில் எந்த மலையில் கொப்புளம் அதிகம் என்று வயதில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.